வெளிநாடு ஏன் போறாங்க? இதை ஸ்பீக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல ஒரு பாடமா நடத்துறது எப்படி: முழு வழிகாட்டி

அறந்தாங்கி பக்கம் ஒரு சின்ன டவுன்ல ஸ்பீக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்குறேன், 11 வருஷமாச்சு. ப்ளஸ் டூ முடிச்ச புள்ளைங்க, ஐடிஐ முடிச்சுட்டு சிங்கப்பூர் வேலைக்கான திறன் டெஸ்ட் அடிக்க சேர்ந்திருக்கிற பசங்க, வீட்டுக்காரர் சவுதியிலயோ குவைத்துலயோ இருக்கிற பொம்பளைங்கனு எல்லாரும் ஒரே கிளாஸ்லதான் உக்காருவாங்க. வெளிநாடு போறதைப் பத்தி இவங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல, என்னைவிட அவங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா தெரிஞ்சதை இங்கிலீஷ்ல சொல்ல வராது, அதுக்குத்தான் இந்தப் பாடம்.

எல்லா இங்கிலீஷ் புக்லயும் இந்தத் தலைப்பு இருக்கும். பெட்டியோட ஏர்போர்ட்ல நிக்கிற குடும்பம் ஒரு படம், பக்கத்துல ரெண்டு கட்டம். ஒண்ணுல தள்ளுற காரணம் (வேலை இல்ல, போர், பஞ்சம்), இன்னொண்ணுல இழுக்கிற காரணம் (சம்பளம், படிப்பு, பாதுகாப்பு). அதை நோட்ல எழுதிக்குவாங்க, அப்பறம் நாம "வொய் டு பீப்பிள் கோ அப்ராட்?"னு கேட்டா 30 பேரும் "ஃபார் மணி மிஸ்"னு ஒரே பதில் சொல்லி முடிச்சிருவாங்க.

ஃபார் மணி தப்பான பதில் இல்ல. ஆனா ஒரே வீட்ல அண்ணன் போயிருப்பாரு, தம்பி போயிருக்க மாட்டாரு, பணம் ரெண்டு பேருக்கும்தான் வேணும். இந்த வித்தியாசம் புள்ளைங்களுக்குத் தெரியாம இல்ல, அதைச் சொல்ற அளவுக்கு இங்கிலீஷ் கையில இல்ல. வெறும் பிகாஸ் மட்டும் தெரிஞ்சவன் ஒரு காரணத்தோட நிப்பாட்டிருவான். ஸோ தட், ஆல்தோ, ஈவன் இஃப்னு ஒவ்வொண்ணா கைக்கு வர வர அவன் சொல்ற காரணமும் நிஜத்துக்குப் பக்கத்துல வருது. அதனால காரணத்தையும் கிராமரையும் தனித்தனியா நடத்தாதீங்க. கீழ இருக்கிறது 6 கிளாஸ், ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ரெண்டுனு வச்சா 3 வாரத்துல முடியும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

முதல் தடவை இதை நடத்துனப்ப வரிசையா ஒவ்வொருத்தரையா எழுப்பி "வேர் இஸ் யுவர் ஃபாதர்?"னு கேட்டுட்டு வந்தேன். ஒரு பொண்ணு எழுந்து நின்னா, ஒண்ணும் பேசல, பைய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா. அவ அப்பாவோட பாடி பெட்டியில வந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு, எனக்குத் தெரியாது, பக்கத்து சீட் பொண்ணு அப்பறமா வந்து சொன்னா. அந்தப் புள்ள மறுபடி கிளாஸுக்கு வரவே இல்ல. அன்னையிலேருந்து இந்தப் பாடத்துல நேரடிக் கேள்வி எதையும் நான் கேக்குறதில்ல.

இப்ப முதல் நாளே ஒண்ணு சொல்லிருவேன். நீங்க பேசுறது உங்க வீட்டு ஆளப் பத்தியும் இருக்கலாம், தெருவுல உள்ள ஒருத்தரப் பத்தியும் இருக்கலாம், நீங்களே மனசுல உருவாக்குன ஆளாவும் இருக்கலாம், அது எதுன்னு நானும் கேக்க மாட்டேன் வேற யாரும் கேக்கக் கூடாது. இந்த ஒரு வார்த்தைக்கே பாதிப் பேர் நிம்மதியாகி வாயத் திறக்குறாங்க. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்லேருந்து வர்ற புள்ளைங்க உங்க கிளாஸ்ல இருந்தா இன்னும் கவனமா இருங்க. எப்ப வந்தீங்க, எப்படி வந்தீங்க, பேப்பர் இருக்கான்னு எதையும் கேக்காதீங்க, அவங்களா சொன்னா கேளுங்க. அதே மாதிரி யாரு எவ்வளவு சம்பளம் அனுப்புறாங்க, எந்த ஏஜென்ட் மூலமா போனாங்கன்னு கிளாஸ்ல பேர் சொல்லிப் பேச விடாதீங்க, சின்ன ஊரு, சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கப் போயிரும்.

முதல் கிளாஸ்: கடல் தாண்டி வந்த ஒரு பொருள்

முந்தின நாளே சொல்லிருங்க, வீட்ல இருக்கிற, வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு பொருளை எடுத்துட்டு வரணும். என் டேபிள்ல இதுவரைக்கும் வந்ததுல பாதி கோடாலித் தைலம்தான். அப்பறம் பூப்போட்ட கனமான போர்வை, அரிசி அளக்குற நிடோ பால்பவுடர் டப்பா, ஓரத்துல செவப்பு நீலக் கோடு போட்ட ஏர்மெயில் கவரு. ஒரு பையன் ஒரு பழைய ஆடியோ கேசட் கொண்டு வந்தான், அவன் தாத்தா துபாய்ல இருந்தப்ப பேசி அனுப்புனது. அப்பல்லாம் போன் போட்டா காசு எகிறும்னு கேசட்ல பேசி, ஊருக்கு வர்ற ஆளு யார்கிட்டயாவது குடுத்து விடுவாங்க, இங்க டேப்ரிக்கார்டர சுத்தி எல்லாரும் உக்காந்து கேப்பாங்க. அந்தக் கேசட் மேல ஒட்டியிருந்த பேப்பர்ல நீல மைய்யில "வீட்டுக்கு மட்டும்"னு எழுதியிருந்துச்சு. எங்ககிட்ட பிளேயர் இல்ல, இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டோம். ஆனா அந்த ரெண்டு வார்த்தையை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு கால் மணி நேரம் பேச்சு ஓடுச்சு, கடைசியா "ஃபார் தி ஃபேமிலி ஒன்லி"ன்னு முடிவாச்சு.

ஒவ்வொருத்தரும் அஞ்சே வாக்கியம் பேசுனா போதும். இது என்ன, எங்கேருந்து வந்துச்சு, யார் கொண்டு வந்தது, எந்த வருஷம், வீட்ல இதை என்ன பண்றோம். வருஷம் கண்டிப்பா வரணும்னு சொல்லுங்க, "இன் 1994"னு வாயில வந்தா பின்னாடியே "ப்ராட்", "கேம்", "கேவ்"னு இறந்தகால வினை தானா வந்து ஒட்டிக்கும். அப்படி ஒரு பொருளே வீட்ல இல்லாதவங்களும் இருப்பாங்க, அவங்க கூசிப் போகக் கூடாது, அவங்களுக்கு நான் ஒரு வார்த்தை குடுப்பேன். ஜன்னல், சாவி, அலமாரி மூணுமே போர்ச்சுக்கல் மொழியிலேருந்து கப்பல்ல வந்து நம்ம வீட்டுக்குள்ள தங்கிட்ட வார்த்தைங்க, அதுல ஒண்ண வச்சு அதே அஞ்சு வாக்கியத்தச் சொல்லட்டும்.

கடைசி 20 நிமிஷம் போர்டுல தமிழ் வார்த்தைகளை எழுதுங்க. வெளிநாடு போறதுக்கு நம்ம ஊர்ல எத்தனை பேச்சு இருக்குன்னு கேளுங்க. "பாரின் போயிருக்காரு" எல்லாருக்கும் தெரியும். ராவுத்தர், மரைக்காயர் வீட்டுப் புள்ளைங்க "சபர் போயிருக்காக"ம்பாங்க, போயிட்டு வர்றவர் "சபுராளி". செட்டிநாட்டுப் பக்கத்து ஆச்சிமார்கிட்ட "கொண்டுவிக்கப் போனாக"ன்னு ஒரு பேச்சு உண்டு. "அக்கரைச் சீமை" வயசானவங்க வாயில இன்னும் இருக்கு. இவ்வளவு வார்த்தையை நம்மாளுங்க வச்சிருக்காங்கன்னு பாத்தப்பறம் இங்கிலீஷ் வார்த்தைக்குப் போங்க, அப்ப அது பயமா இருக்காது. எமிகிரேட்டும் இமிகிரேட்டும் குழம்பும். எமிகிரேட்டோட "எ"க்கு எக்ஸிட், இமிகிரேட்டோட "இ"க்கு இன், பின்னாடி வர்றது முதலுக்கு "ஃப்ரம்", ரெண்டாவதுக்கு "டு". ஒரே ஆளு ஒரே பயணத்துல ரெண்டுமேதான், எந்தக் கரையில நின்னு பாக்குறோம்கிறதுதான் வித்தியாசம்.

ரெண்டாவது கிளாஸ்: கானா, பீனா?

இது கிராமர் புக்ல ரெண்டு வரி. எங்க ஊர்ல இது ஒரு கிளாஸ் முழுக்க ஓடும், ஓடணும்.

"ஹி ஹேஸ் கான் டு குவைத்"னா போயிருக்காரு, இன்னும் வரல. "ஹி ஹேஸ் பீன் டு குவைத்"னா போயிட்டு வந்துட்டாரு. தமிழ்ல "போயிருக்காரு"ன்னு ஒரே வார்த்தையில ரெண்டையும் சொல்லிருவோம், கேக்குறவங்க இடம் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க, அதனாலதான் புள்ளைங்க இங்க தடுமாறுறாங்க. நான் விதியச் சொல்லாம ரெண்டு படம் வரைவேன், ஒண்ணுல வீட்டு வாசல்ல செருப்பு இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. எந்த வாக்கியம் எந்தப் படத்துக்குன்னு அவங்களே கண்டுபிடிக்கணும்.

ஒரு பேட்ச்ல முப்பத்தஞ்சு வயசு இருக்கும் ஒரு அக்கா, "மை ஹஸ்பண்ட் ஹேஸ் பீன் டு சவுதி"ன்னு சொன்னாங்க. அப்ப அண்ணன் ஊருக்கு வந்துட்டாங்களாக்கான்னு கேட்டேன். "இல்ல டீச்சர், வந்து வந்துதானே போறாக, நாலு தடவை வந்துட்டாக, இப்ப அஞ்சாவது தடவையா அங்க இருக்காக, அப்ப நான் எதைச் சொல்றது?"ன்னு கேட்டாங்க. கிளாஸே அமைதியாயிருச்சு, ஏன்னா கேள்வி சரியான கேள்வி. சாக்பீஸ அவங்ககிட்டயே குடுத்தேன். கொஞ்ச நேரம் போர்டையே பாத்துட்டு நின்னாங்க, அப்பறம் மெதுவா எழுதுனாங்க: "ஹி ஹேஸ் பீன் டு சவுதி ஃபோர் டைம்ஸ். நவ் ஹி ஹேஸ் கான் அகைன்." நான் ஒரு எழுத்து கூட திருத்தல. இப்ப ஒவ்வொரு பேட்ச்லயும் இந்த ரெண்டு வாக்கியத்தைத்தான் உதாரணமா எழுதுறேன்.

இதுக்கு அடுத்து ஃபார், சின்ஸ் தானா வந்துரும். "ஹி ஹேஸ் பீன் வொர்க்கிங் இன் சிங்கப்பூர் ஃபார் 9 இயர்ஸ்", "சின்ஸ் 2016". நம்ம புள்ளைங்க "ஹி இஸ் வொர்க்கிங் சின்ஸ் 9 இயர்ஸ்"ம்பாங்க, அதை அன்னைக்கே புடிச்சுத் திருத்துங்க, பழகிப் போனா அப்பறம் வெளிநாட்டு இன்டர்வியூ வரைக்கும் கூடவே வரும்.

மூணாவது கிளாஸ்: வீடு, கடல், வீடு

இதுதான் இந்தப் பாடத்தோட நடுத்தண்டு, ஒன்றரை மணி நேரம் பத்தலைன்னா ரெண்டு கிளாஸா எடுங்க.

போர்டுல இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு, நடுவுல கடல். 1966-ல எவரெட் லீன்னு ஒரு ஆய்வாளர் குடுத்த விளக்கத்தைத்தான் நான் இப்படி எளிமையா வரைஞ்சுக்குறேன். எல்லாரும் தள்ளுறது, இழுக்குறதுன்னு ரெண்டோட விட்டுடுறாங்க, லீ சொன்னது அதைவிட அதிகம். ரெண்டு வீட்லயும் இழுக்குறதும் இருக்கு, தள்ளுறதும் இருக்கு, நடுவுல தடைகள் இருக்கு, அதோட போற ஆளோட சொந்த நிலைமைன்னு ஒண்ணும் இருக்கு. நம்ம வீடும் இழுக்கும். அம்மா, வயலு, காதலிச்ச பொண்ணு, பங்குனித் திருவிழா எல்லாம் நம்ம வீட்டோட இழுப்பு. அங்க இருக்கிற வீடும் தள்ளும், வெயிலு, ஒரு ரூமுக்குப் பத்துப் பேரு, மொழி தெரியாம நிக்கிறது. கடல்ல விசா, ஏஜென்ட் காசு, டெஸ்ட், வட்டி.

இதுல ஒரு ஆளை எல்லாருமா சேர்ந்து உருவாக்குங்க. எங்க கிளாஸ்ல உருவானவன் 26 வயசு வெல்டர். அப்பாவுக்கு கல்லணைக் கால்வாய் கடைமடையில கொஞ்சம் நிலம், தண்ணி வந்து சேர்ற வருஷமும் உண்டு சேராத வருஷமும் உண்டு. மிச்சம் தென்னை, அதுவும் 2018 நவம்பர்ல கஜா புயல்ல சாஞ்சுருச்சு. தங்கச்சி நர்சிங் படிக்கணும். இப்ப அவனைப் பத்தி ஒவ்வொரு வாக்கியமா கட்டுங்க.

முதல்ல பிகாஸ், பிகாஸ் ஆஃப். பிகாஸுக்குப் பின்னாடி முழு வாக்கியம் வரும், பிகாஸ் ஆஃபுக்குப் பின்னாடி பெயர்ச்சொல் மட்டும். "பிகாஸ் தி சைக்ளோன் டெஸ்ட்ராய்ட் தி ட்ரீஸ்", "பிகாஸ் ஆஃப் தி சைக்ளோன்". தமிழ்ல "மரம் போச்சு, அதனால போனான்"னு காரணத்தை முன்னாடி வச்சுப் பழகுனவங்க இங்கிலீஷ்ல பிகாஸையும் போட்டு நடுவுல ஸோவையும் போட்டுருவாங்க, ரெண்டுல ஒண்ணுதான்னு சொல்லுங்க.

அடுத்தது ஸோ தட். இதைத் தமிழ் வச்சே விளக்கலாம். "-னால" பின்னாடி திரும்பிப் பாக்குது, "-ணும்னு" முன்னாடி பாக்குது. புயல்னால போனான், தங்கச்சி படிக்கணும்னு போனான். "ஹி வென்ட் ஸோ தட் ஹிஸ் சிஸ்டர் குட் ஸ்டடி நர்சிங்." இதைச் சொன்னவுடனே புள்ளைங்க முகம் மாறும், ஏன்னா அவங்க வீட்டுக் கதையில பாதி இந்த ஸோ தட்லதான் இருக்கு. அப்பறம் ஆல்தோ: "ஆல்தோ ஹி ஹேட் எ ஜாப் இன் திருச்சி, ஹி வென்ட்." இதுலயும் ஆல்தோவோட "பட்"ங்கிற வார்த்தையையும் சேத்துப் போடுவாங்க, அதே திருத்தம்தான்.

கடைசியா இஃப். "இஃப் தி சைக்ளோன் ஹேட் நாட் கம், ஹி வுட் ஹேவ் ஸ்டேட்"னு நான் எழுதுனேன், புயல் வராம இருந்திருந்தா இங்கயே இருந்திருப்பான். பின் வரிசையிலேருந்து ஒரு பையன், "இல்ல மிஸ், வந்திருக்காட்டியும் போயிருப்பான். அவன் மச்சான் அங்க இருக்கான்ல, அவன்தானே கூப்புட்டான்?"னான். மச்சான்னு ஒருத்தன் எங்க கதையிலயே கிடையாது, ஆனா நிஜத்துல எல்லாருக்கும் ஒரு மச்சான் இருக்கான். உடனே கிளாஸ் ரெண்டா பிரிஞ்சு சண்டை, போயிருப்பான், போயிருக்க மாட்டான்னு. அந்தச் சண்டைக்கு நடுவுலதான் ஈவன் இஃப் சொல்லிக் குடுத்தேன். "ஈவன் இஃப் தி சைக்ளோன் ஹேட் நாட் கம், ஹி வுட் ஹேவ் கான், பிகாஸ் ஹிஸ் பிரதர்-இன்-லா வாஸ் ஆல்ரெடி தேர்." முப்பது பேருக்கும் அந்த நேரத்துல அந்த வாக்கியம் தேவைப்பட்டுச்சு, அதனால ஒருத்தருக்கும் மறக்கல. ஒருத்தன் போனா அவன் பின்னாடி தெருவே போகுதுங்கிறதை ஆராய்ச்சி பண்றவங்க சங்கிலித்தொடர் இடப்பெயர்வும்பாங்க. மச்சான்னு சொன்னாலே போதும்.

இந்தக் கிளாஸ் முடியுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: உலகத்துல 100 பேர் இருந்தா அதுல எத்தனை பேர் பொறந்த நாட்டை விட்டு வேற நாட்டுல வாழ்றாங்க? எங்க புள்ளைங்க 40, 50னு சொல்லுவாங்க, இந்த ஊர்ல வளர்ந்தா அப்படித்தான் தோணும். ஐ.நா. கணக்குப்படி 2024-ல 30 கோடியே 40 லட்சம் பேர், 100-க்கு 4 பேர் கூட இல்ல. அப்ப "வொய் டு பீப்பிள் ஸ்டே?"ங்கிறதும் ஒரு நல்ல கேள்விதானே, அதை வீட்டுப்பாடமா குடுங்க. போகாம இருந்தவங்களப் பத்தி எழுதிட்டு வரட்டும்.

நாலாவது கிளாஸ்: போனாங்களா, அனுப்புனாங்களா?

எல்லாரும் "வென்ட்"னே எழுதுவாங்க. இந்தக் கிளாஸ் வினைச்சொல்லுக்கானது. ஒரு கயிறு கட்டி கிளிப்ல வருஷத்தத் தொங்க விடுங்க, கீழ வினையைக் கார்டுல எழுதிப் போடுங்க: லெஃப்ட், வாஸ் ரெக்ரூட்டட், ஃப்ளெட், வாஸ் சென்ட் பேக், ரிட்டர்ன்ட், வாஸ் எவாகுவேட்டட். எந்த வருஷத்துக்கு எந்த வினைன்னு அவங்க பொருத்தணும், பொருத்துனதுக்குக் காரணமும் சொல்லணும். நான் தொங்க விடுறது இதெல்லாம்:

1860 நவம்பர் 16, ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்லேருந்து போய் தென்னாப்பிரிக்கா டர்பன்ல 342 பேரை இறக்குச்சு, அந்த நாட்டுக் கரும்புத் தோட்டத்துக்கு நம்ம நாட்டுலேருந்து ஒப்பந்தக் கூலியா போன முதல் கூட்டம். கைநாட்டு வச்சுட்டுப் போனவங்க, தாள்ல என்ன எழுதியிருக்குன்னு அதுல எத்தனை பேருக்குப் புரிஞ்சிருக்கும்? இதுக்கு வென்ட் போதுமா, வாஸ் ரெக்ரூட்டட் சரியா, வாஸ் டேக்கன்னு சொல்லணுமான்னு பேச விடுங்க.

1942, ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்தப்ப லட்சக்கணக்கான இந்தியருங்க கிளம்புனாங்க, பெரும்பாலானவங்க காடு மலை வழியா நடந்தே. ஃப்ளெட். அப்பறம் 1962-ல ராணுவ ஆட்சி வந்து கடை, தொழிலெல்லாம் அரசுடைமை ஆனப்பறம் இன்னொரு கூட்டம் திரும்புச்சு, சென்னை பர்மா பஜார் அவங்களால வந்ததுதான். அங்கேயே பொறந்து வளர்ந்த புள்ளைக்கு ரிட்டர்ன்ட் சரியான வார்த்தையான்னு கேளுங்க. ஒரு தடவை கூட பாக்காத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்?

1964, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். எனக்கு இந்த இடம் வந்தா நெஞ்சு கனக்கும். இலங்கை மலையகத் தோட்டத்துல தலைமுறை தலைமுறையா தேயிலை பறிச்சவங்க, 1948 சட்டத்தால குடியுரிமை இல்லாம போனவங்க, மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கெடுத்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டாங்க. அந்த மக்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல. பேசிவ் வாய்ஸ் நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைச்சதில்ல. "தே வெர் கவுன்டட். தே வெர் டிவைடட். தே வெர் சென்ட்." வாக்கியத்துல எழுவாயா இருக்காங்க, ஆனா முடிவு எடுத்தது அவங்க இல்ல, முடிவெடுத்தவங்க பேரு வாக்கியத்துலயே இல்ல. பேசிவ்ங்கிறது என்னன்னு இதுக்கப்பறம் யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. இங்க வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் நீலகிரியில 1968-ல டான்டீங்கிற அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் டூர் போன புள்ளைங்க பாத்திருப்பாங்க.

1983 ஜூலை கலவரத்துக்கு அப்பறம் இலங்கைத் தமிழர்கள் கிளம்புனாங்க, ஃப்ளெட். ராமேஸ்வரம், மண்டபம் நம்ம புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச ஊரு. 1986 ஆகஸ்ட்ல கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு வெளிய ரெண்டு லைஃப் போட்ல 155 பேரு மிதந்துக்கிட்டு இருந்தாங்க, மீனவருங்க காப்பாத்துனாங்க. ரெஃப்யூஜிங்கிற வார்த்தையை இங்க வைங்க. 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்ற காரணம் அஞ்சு: இனம், மதம், தேசியம், ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்தவரா இருக்கிறது, அரசியல் கருத்து. இதுக்காக ஆபத்து வரும்னு நியாயமான பயத்தோட நாட்டை விட்டு வெளிய வந்தவங்கதான் ரெஃப்யூஜி. இந்தியா அந்த உடன்படிக்கையில கையெழுத்துப் போடல. வேலைக்குப் போனவங்க மைக்ரன்ட் வொர்க்கர். ரெண்டையும் மாத்திச் சொன்னா எழுத்துப்பிழை மாதிரி விட்டுறாதீங்க, அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஒருத்தரைத் திருப்பி அனுப்புறதும் அனுப்பாததும் இருக்கு.

1990, குவைத். ஈராக் படை உள்ள வந்தப்ப சுமார் 1,70,000 இந்தியர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியா விமானத்துல கூட்டிட்டு வந்தாங்க. வெர் எவாகுவேட்டட். இதுக்கு எங்க கிளாஸ்ல யாராவது ஒருத்தர் வீட்ல கதை இருக்கும், நான் கேக்க மாட்டேன், அவங்களா கை தூக்குவாங்க.

அஞ்சாவது கிளாஸ்: தாளைப் படிக்கிறது

ரீடிங் பயிற்சிக்கு வேற கட்டுரை எதுக்கு, ஒரு மாதிரி வேலை ஒப்பந்தம் தயார் பண்ணிக்கோங்க, ஒரு பக்கம் போதும். பேசிக் சேலரி, அலவன்ஸ், டிடக்‌ஷன், ஓவர்டைம், அக்காமடேஷன், ப்ரொபேஷன், டெர்மினேஷன், ரிபாட்ரியேஷன்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில கோடு போட்டுப் படிக்கணும். அப்பறம் கேள்வி: கையில எவ்வளவு வரும்? சாப்பாட்டுக் காசு யாரு தருவா? திரும்பி வர டிக்கெட் யாரு எடுக்கணும்? வேணும்னே ரெண்டு இடத்துல ஓட்டை வச்சு எழுதுங்க, ஓவர்டைம் ரேட் போடாம விட்டுருங்க, அதை யாரு கண்டுபிடிக்கிறாங்கன்னு பாருங்க. சிங்கப்பூர் போற பசங்களுக்கு, கிளம்புறதுக்கு முன்னாடியே ஐபிஏ லெட்டரை (வேலை பெர்மிட்டுக்கு சிங்கப்பூர் அரசு முன்கூட்டியே தர்ற ஒப்புதல்) கையில வாங்கி அதுல போட்டிருக்கிற பேசிக் சம்பளத்தையும் புடித்தத்தையும் படிச்சுப் பாக்கணும்னு அழுத்திச் சொல்லுங்க.

இங்கிலீஷ் டீச்சருக்கு இது வேலையான்னு கேக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நல்லா படிச்சவன், விசிட் விசாவுல அனுப்பி வேலைக்குன்னு சொன்ன ஏஜென்டை நம்பிப் போய் மூணு மாசம் ஒளிஞ்சு வாழ்ந்துட்டு வந்தான். விசா பேப்பர்ல "எம்ப்ளாய்மென்ட் நாட் பெர்மிட்டட்"னு அச்சடிச்சிருந்துச்சு, அவன் படிக்கல, நான் அவனுக்கு இந்த மாதிரி தாளைப் படிக்கச் சொல்லித் தந்ததும் இல்ல. அதனால இப்ப சொல்லித் தர்றேன்.

கூடவே இதையும் போர்டுல எழுதிருங்க. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட் பொதுவா இசிஆர் (எமிகிரேஷன் செக் ரிக்கொயர்ட்) வகை, அதை வச்சு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேணும். ஏஜென்ட் பதிவு பண்ணவரான்னு மத்திய அரசோட இ-மைக்ரேட் வெப்சைட்ல நம்பர் போட்டுப் பாக்கலாம். பதிவு பண்ண ஏஜென்ட் சேவைக் கட்டணமா வாங்கலாம்னு விதியில இருக்கிறது 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான். அப்படிக் கிளியரன்ஸ் வாங்கிப் போறவங்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு 10 லட்ச ரூபா இன்சூரன்ஸ் உண்டு. இந்த நாலையும் புள்ளைங்க இங்கிலீஷ்ல ஒரு தம்பிக்கு அறிவுரையா மாத்திச் சொல்லட்டும், "யு ஷுட் செக்", "யு மஸ்ட் நாட் பே", "டோன்ட் சைன் அன்டில்". அறிவுரை சொல்ற கிராமர் அதுலயே முடிஞ்சுரும்.

ஆறாவது கிளாஸ்: வந்தவங்க, திரும்பி வந்தவங்க

முதல் பாதிக்கு மூணாவது கிளாஸ்ல வரைஞ்ச படத்தை மறுபடி அப்படியே வரைஞ்சு, பேரை மட்டும் அழிங்க. இடது வீட்ல ஒடிசா, பீகார், வலது வீட்ல திருப்பூர்னு எழுதுங்க, கடல் இருந்த இடத்துல ரயில் தண்டவாளம். இழுக்குறது, தள்ளுறது எதுவும் மாறாது. புயல் இருக்கும், தங்கச்சி படிப்பு இருக்கும், மச்சானும் இருப்பான். நாட்டுக்குள்ளேயே இடம் மாறுனா இன்டர்னல் மைக்ரன்ட்ங்கிற வார்த்தையைக் குடுங்க. இந்த ஊர்ப் புள்ளைங்க சிலர் அவங்களைக் கேலியா ஒரு வார்த்தை சொல்லிக் கூப்புடுறதைக் கேட்டிருப்பீங்க, என் கிளாஸ்ல அதுக்கு இடமில்ல, அதை நான் நேராவே சொல்லிருவேன். உங்க அப்பாவை அங்க இதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லித்தான் கூப்புட்டிருப்பாங்கன்னு சொன்னா அதுக்கு மேல பேச்சு இருக்காது.

ரெண்டாவது பாதிக்குத் திரும்பி வந்த ஒருத்தரைக் கூப்புடுங்க, 20 வருஷம் இருந்துட்டு வந்த பெரியவரா இருந்தா நல்லது. கேள்வியை முந்தின நாளே புள்ளைங்க எழுதி உங்ககிட்ட காட்டணும், அவருக்கும் முன்கூட்டியே குடுத்துருங்க, பிடிக்காததை அவர் அடிச்சுரலாம். சம்பளம் எவ்வளவுன்னு கேக்குற கேள்வியை நான் எடுத்துருவேன். "வாட் டிட் யு மிஸ்?"ங்கிறதை விட "வாட் வாஸ் யுவர் ஃபர்ஸ்ட் மீல் வென் யு கேம் ஹோம்?" நல்ல கேள்வி, முதல் கேள்விக்கு எல்லாரும் "ஃபேமிலி"ன்னு முடிச்சுருவாங்க, ரெண்டாவதுக்கு கதையே வரும். போன தடவை வந்தவரு ரசம்னு சொல்லிட்டு, அதை யாரு வச்சாங்க, எந்தத் தட்டுல போட்டாங்க, புள்ள அவரை யாருன்னு தெரியாம கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துச்சுன்னு 10 நிமிஷம் பேசுனாரு, பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

மார்க் எப்படிப் போடுறது

பரீட்சை வேண்டாம். ஒரு ஆளைப் பத்தி மூணு நிமிஷ வாய்ஸ் ரெக்கார்டிங், அவ்வளவுதான். அந்த ஆளு போனதுக்கு மூணு காரணமாவது வரணும், அதுல ஒண்ணாவது பிகாஸ் இல்லாம வரணும். போனவர் தானா போனாரா, வேற யாராவது முடிவு பண்ணாங்களாங்கிறது வினைச்சொல்லுலேருந்தே எனக்குப் புரியணும். கானும் பீனும் சரியா இருக்கணும். உச்சரிப்புக்கு நான் மார்க் குறைக்கிறதில்ல. ரெக்கார்டிங்கைக் கிளாஸ்ல போட்டுக் காட்டணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுங்க, வேண்டாம்னா போடாதீங்க. "டீச்சருக்கு மட்டும்"னு எழுதி அனுப்புறவங்க உண்டு, அதை நான் கேட்டு, திருத்த வேண்டியதைத் தனியா எழுதிக் குடுத்துட்டு, அன்னைக்கே போன்லேருந்து அழிச்சிருவேன்.